ஆம்புலன்ஸுக்கு மட்டும் வழி

கொல்பா கூட்டுரோட்டில் சாலை மறியல் தொடங்கிய நான்காம் நாள் காலை ஒரு வெள்ளை பிக்கப் வண்டி வந்து நின்றது.

ப்ரிமித்திவா அடுப்பருகே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். மறியலை நடத்தும் பெண்கள் சங்கத்துக்கு அவள் தலைவி. தலைவியும் முறை வைத்துச் சமைக்க வேண்டும். அது அவளே போட்ட விதி.

செவெரோ ஓடிவந்தான். சாலையை மறித்துப் போட்ட கற்களுக்குக் காவல் அவன்தான்.

"தோழர், ஒரு வண்டி."

"திருப்பி அனுப்பு."

"போக மாட்டேங்கிறாங்க. பின்னாடி ஒரு பெட்டி வச்சிருக்காங்க. அதுல மஞ்சக் கலர்ல ஒரு படம்."

"என்ன படம்?"

"மூணு இறக்கை விசிறி மாதிரி."

கத்தி நின்றது.

அந்தப் படத்தை அவளுக்குத் தெரியும். கொச்சபம்பா நகர ஆஸ்பத்திரியில் ஓர் அறைக் கதவில் அது ஒட்டியிருக்கும். அந்தக் கதவுக்கு எதிரே பெஞ்சில் ஐந்து வாரம் தினமும் காலையில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். கொல்பாவில் இது யாருக்கும் தெரியாது. தலைமைப் பயிற்சிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

கையைப் பாவாடையில் துடைத்தாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். நடந்தாள்.

*

அறுவடை முடிந்த நாட்களில் எமில்தா என்ற நர்ஸ் கொல்பாவின் சுகாதார நிலையத்துக்கு வந்திருந்தாள். பையில் ஒரு பாட்டில் வினிகர், பஞ்சு, டார்ச் விளக்கு போல ஒரு கருவி. கர்ப்பப்பை வாயில் வினிகரைத் தொட்டு வைத்தால் கெட்ட இடம் வெளுத்துத் தெரியும். வெளுத்த இடத்தைக் கருவியின் சூடான முனையால் அப்போதே சுட்டுவிடலாம். நடந்து வந்தவள் நடந்தே வீட்டுக்குப் போகலாம்.

யாரும் உள்ளே போகவில்லை. தலைவி போனால்தான் மற்றவர்கள் வருவார்கள் என்று எமில்தா சொன்னாள். ப்ரிமித்திவா முதல் ஆளாகப் போய்ப் படுத்தாள்.

எமில்தா வெகுநேரம் பார்த்தாள். கருவியைக் கையில் எடுக்கவில்லை.

"உங்களுக்கு இது போதாது அக்கா. நகரத்துக்குப் போகணும். இந்த வாரமே."

ப்ரிமித்திவா வெளியே வந்தாள். பெண்கள் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்ல. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். போங்க."

ஒன்பது பேர் போனார்கள். இரண்டு பேருக்கு வெளுத்திருந்தது. அங்கேயே சுட்டு அனுப்பினாள் எமில்தா. மற்ற பெண்களுக்கு அன்று வேலை இருந்தது, அல்லது கணவன் இருந்தான்.

நகரத்தில் டாக்டர் இல்டா சுற்றி வளைத்துப் பேசவில்லை.

"அறுத்து எடுக்கிற கட்டம் தாண்டிடுச்சு. குணமாகிற கட்டம் தாண்டல."

வெளியிலிருந்து கதிர்வீச்சு. இயந்திரம் பழையது, ஆனால் ஓடியது. வாரம் ஒருமுறை சொட்டு மருந்து. அன்று முழுக்க வாந்தி. கடைசியில் உள்ளேயிருந்து கதிர்வீச்சு. வெளியிலிருந்து சுடுவது பாதி வேலைதான் என்றார் டாக்டர். மீதிப் பாதியை விட்டால் அது திரும்ப வரும். தொடக்கம் முதல் முடிவு வரை எட்டு வாரம் தாண்டக் கூடாது.

ஐந்து வாரம் முடிந்தபோது உள்ளே வைக்கும் கதிர்மூலம், கதிரை வீசும் உலோகத் துணுக்கு, தேய்ந்துபோயிருந்தது. புதியது வெளிநாட்டிலிருந்து வருகிறது, வந்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள். அவளோடு சேர்த்து ஐந்து பெண்கள் விடுதியில் காத்திருக்க வேண்டியிருந்தது. ப்ரிமித்திவா மட்டும் ஊருக்கு வந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சபை கூடியது. அணை கட்டித்தருவதாகச் சொன்ன மந்திரி மூன்றாவது முறையாக வரவில்லை. மறியல் என்றார்கள். அவளும் கையைத் தூக்கினாள்.

விதியைச் சொன்னதும் அவள்தான்.

"ஆம்புலன்ஸுக்கு மட்டும் வழி. உள்ள நோயாளி இருக்கணும். வேற யாரா இருந்தாலும் நடந்துதான் போகணும். எங்க அம்மாவே வந்தாலும்."

நோயாளி இருக்கணும் என்று சேர்த்ததற்குக் காரணம் இருந்தது. போன மறியலில் ஓர் எம்.பி. காலி ஆம்புலன்ஸில் போர்வையைப் போர்த்திக்கொண்டு தப்பிப் போய்விட்டான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தால் மறியலைத் தாண்டி நடந்து போய் அந்தப் பக்கம் பஸ் பிடித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். எல்லோரும் செய்வதுதான். கதிர்மூலம் எந்தச் சாலையில் வரும் என்று அவள் கேட்கவில்லை. அப்படிப்பட்ட பொருளெல்லாம் பறந்து வரும் என்று நினைத்திருந்தாள்.

*

வண்டியின் பின்கதவை மறைத்துக்கொண்டு ஒல்லியாக ஓர் இளைஞன் கைகளை விரித்து நின்றான். சட்டைப் பையில் பேனா போல ஒரு கருவி. பெயர் ஒவிதியோ. ஆஸ்பத்திரியின் இன்ஜினியர். லா பாஸ் விமான நிலையத்தில் பெட்டியை வாங்கி வருகிறான். கொச்சபம்பா போகும் சின்ன விமானத்தில் இதை ஏற்ற மாட்டார்களாம். சுற்றுப்பாதையில் ஆற்றில் வெள்ளமாம். இதையெல்லாம் அவன் ஏற்கனவே பலமுறை சொல்லியிருந்தது குரலில் தெரிந்தது.

எர்லிந்தா அவனுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள். அவளுடைய நாக்குக்குப் பயந்து போலீஸே அந்தப் பக்கம் வருவதில்லை.

"பெட்டியத் தொறந்து காட்டு."

"தொறக்கக் கூடாதும்மா."

"ஏன், சாவி தொலைஞ்சு போச்சா?"

"தொறந்தா எல்லாருக்கும் ஆபத்து."

அவன் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. கூட்டம் ஓரடி பின்வாங்கியது. பிறகு ஆளுக்கொரு கல்லோடு இரண்டடி முன்னால் வந்தது.

"குண்டு!" என்றான் ஒருவன்.

"குண்டு இல்லைங்க. ஒரு உலோகம். அரிசி அளவுதான். கேன்சர் வந்த பொம்பளைங்களுக்கு உள்ள வச்சு எடுக்கிறது."

"அரிசி அளவு சாமானுக்கு ஆட்டுக்குட்டி அளவு பெட்டியா?" என்றாள் எர்லிந்தா.

"பெட்டி பூரா ஈயம். கதிர் வெளிய வராம இருக்க."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு குமெர்சிந்தோ வந்தார். பாசனச் சங்கத் தலைவர். இருபது வருடம் சுரங்கத்தில் இருந்தவர். இன்னும் அந்தத் தொப்பியைத்தான் போடுகிறார். மென்று அடக்கிய கொக்கா இலை கன்னத்தில் உருண்டு நின்றது.

"தம்பி, இது யாருக்கு வேணும்?"

"ஆஸ்பத்திரிக்கு."

"ஆஸ்பத்திரி யாரோடது?"

"அரசாங்கத்தோடது."

"அப்ப மந்திரிக்கு வேணும்." கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "நாலு நாளா என்ன புடிச்சு வச்சிருக்கோம்? தக்காளி லாரி, கோழி லாரி. மந்திரிக்கு என்ன வலிச்சுது? இது வெளிநாட்டுச் சரக்கு. இது இங்க நின்னா பேப்பர்ல வரும். பேப்பர்ல வந்தா அவன் ஓடி வருவான். வண்டி நிக்கட்டும். யாரும் தொட வேணாம்."

கைதட்டினார்கள். நல்ல யோசனைதான் என்று ப்ரிமித்திவாவுக்கும் தெரிந்தது. போன வருடமாக இருந்தால் அவளே சொல்லியிருப்பாள்.

அவள் ஒவிதியோவிடம் கேட்டாள்.

"எத்தனை நாள் தாங்கும் இது?"

"கெட்டுப் போகாதும்மா. கரையும். வெயில்ல வச்ச ஐஸ் மாதிரி. நீங்க வச்சிருந்தாலும் கரையும், நான் வச்சிருந்தாலும் கரையும். ஆனா கரையறதுகூடப் பெரிசில்ல. அங்க அஞ்சு பேர் காத்துக்கிட்டிருக்காங்க. அவங்களுக்கு நாள் இல்ல."

அந்த ஐந்து பேரின் பெயரும் அவளுக்குத் தெரியும். விடுதியில் அடுத்த கட்டிலில் படுத்திருந்த செனோபியா, இருமிக்கொண்டே பின்னல் போடுகிறவள். இரட்டைச் சகோதரிகளில் ஒருத்தி. சிரிக்கவே சிரிக்காத டீச்சர். பெனி காட்டிலிருந்து வந்த பெண். ஐந்தாவது அவளேதான்.

"சபையக் கூட்டுங்க," என்றாள்.

*

தார்ச்சாலையிலேயே உட்கார்ந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். காற்று குளிராக வீசியது. வழிவிடுவதா இல்லையா என்பதைச் சபைதான் சொல்ல வேண்டும். தலைவிக்கு அந்த அதிகாரம் இல்லை. அதுவும் அவள் போட்ட விதிதான்.

அவள் எழுந்தாள்.

"தோழர்களே, ஆம்புலன்ஸுக்கு வழின்னு முடிவு பண்ணினோம். இது ஆம்புலன்ஸ்."

சலசலப்பு. குமெர்சிந்தோ உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினார்.

"தோழர், நாங்களும் கண்ணு வச்சிருக்கோம். இது பிக்கப் வண்டி."

"நோய்க்கு உண்டானது உள்ள இருக்கு."

"விதி என்ன? உள்ள நோயாளி இருக்கணும். நீங்க சொன்னது. எம்.பி. கதை ஞாபகமிருக்கா?" சிலர் சிரித்தார்கள். அவருக்கு உற்சாகம் வந்தது. "அஞ்சு வாரம் தலைமைப் பயிற்சிக்குப் போயிட்டு வந்திருக்காங்க. சொந்த விதியையே மறக்கச் சொல்லிக் குடுத்திருக்காங்க போல. நோயாளி எங்க தோழர்? காட்டுங்க, விட்டுடறோம்."

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். எல்லோரையும் பெயர் சொல்லி அழைக்க முடியும். பாதிப் பேரின் கல்யாணத்தில் அவள்தான் சோறு போட்டிருக்கிறாள்.

"நான்தான்," என்றாள்.

அடுப்பில் பானை கொதிக்கும் சத்தம் கேட்டது.

"பயிற்சிக்குப் போகல. ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்குக் கேன்சர். கர்ப்பப்பை வாயில."

ஆண்கள் பக்கத்தில் பின்வரிசையில் ஒருவன் க்ளுக்கென்று சிரித்தான். வெட்கத்தில் வந்த சிரிப்பு. எர்லிந்தா எழுந்துவிட்டாள்.

"சிரிச்சவன் எழுந்திரு. நீ எது வழியா வெளிய வந்தேன்னு சபைக்குச் சொல்லிட்டு உக்காரு."

யாரும் எழுந்திருக்கவில்லை.

ப்ரிமித்திவா தொடர்ந்தாள். குரல் எப்போதும் கூட்டத்தில் பேசுகிற குரல்தான். தண்ணீர்ப் பங்கீட்டைப் பற்றிப் பேசும்போதும் இப்படித்தான் பேசுவாள்.

"வெளியிலருந்து சுட்டாச்சு. பாதி வேலை முடிஞ்சுது. மீதிப் பாதி அந்தப் பெட்டில இருக்கு. அடுத்த வாரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் எட்டு வாரத்துக்குள்ள முடியும். இல்லன்னா அது திரும்ப வரும். வந்தா சுட முடியாது, அறுக்க முடியாது. என்னோட நாலு பேர் அங்க காத்திருக்காங்க. அவங்க நம்ம சங்கம் இல்ல. அவங்களுக்கு நம்ம அணையால ஒரு சொட்டு பிரயோசனம் இல்ல. நான் கைதூக்கினது தெரிஞ்சா என்னைத் திட்டுவாங்க. மந்திரி வருவானா வரமாட்டானான்னு எனக்குத் தெரியாது. வந்தாலும் பெட்டிக்காக வருவான், அணைக்காக இல்ல. பெட்டிய வாங்கிட்டுப் போயிடுவான். அவ்வளவுதான். கைதூக்குங்க."

பெண்கள் பக்கம் முழுவதும் தூக்கியது. எர்லிந்தா இரண்டு கையையும் தூக்கினாள். ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தூக்கினார்கள். குமெர்சிந்தோவின் கை மட்டும் பையிலேயே இருந்தது.

"வண்டி போகாது," என்றார்.

எர்லிந்தா ஒரு கல்லை எடுத்தாள்.

"கல்லைக் கீழ போடு எர்லிந்தா. போகக் கூடாதுன்னு சொல்லல. போக முடியாதுன்னு சொல்றேன்." தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "பள்ளம் இருக்கில்ல."

எல்லோருக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அந்தப் பள்ளம் குமெர்சிந்தோவின் பெருமை. இரண்டு நாள், நாற்பது ஆட்கள். சாலையைக் குறுக்கே வெட்டி, ஆள் ஆழத்துக்குத் தோண்டியிருந்தார்கள். அதற்கு அப்பால் மலைமுகட்டிலிருந்து வெடி வைத்துப் பாறைகளைச் சாலையில் உருட்டியிருந்தார்கள். டி.வி.க்காரர்களைக் கூட்டிப்போய்ப் பள்ளத்துக்குள் இறங்கி நின்று பேட்டி கொடுத்திருந்தார்.

"மூடிடலாமே," என்றான் செவெரோ.

"நாலு நாள் ஆகும்."

"தோண்ட ரெண்டு நாள்தானே ஆச்சு?"

"நல்லாத் தோண்டியிருக்கோம்," என்றார் குமெர்சிந்தோ. முதல்முறையாக அவர் குரலில் பெருமை இல்லை.

*

மறியலைத் தாண்டுகிறவர்களின் மூட்டையைச் சுமந்து அந்தப் பக்கம் சேர்ப்பது கொல்பாவில் ஒரு வழக்கம். பெட்டியைச் சுமப்பது என்று முடிவானது. ஒவிதியோவிடம் யாரும் கேட்கவில்லை.

"முடியவே முடியாது. சட்டப்படி இது வண்டியிலதான் போகணும்."

"இன்ஜினியர், நாலு நாளா இந்த ரோட்டுல வண்டி போகல," என்றாள் எர்லிந்தா. "சட்டமும் நடந்துதான் போகணும்."

அவன் சிக்னல் கிடைக்கும் மேட்டின் மேல் ஏறிப்போய் ஆஸ்பத்திரிக்கும், அனுமதி தருகிறவர்களுக்கும் போன் செய்தான். கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது கீழிருந்து தெரிந்தது. வெகுநேரம் கழித்து இறங்கி வந்தான்.

"அந்தப் பக்கம் ஜீப் அனுப்பறாங்களாம். டாக்டரம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? பூட்டு பத்திரமா இருந்தா லாமா முதுகுல ஏத்தியாவது கொண்டு வான்னாங்க."

"லாமா எதுக்கு, நான் இருக்கேன்." எர்லிந்தா தோளிலிருந்த வண்ணத் துணியை உருவித் தரையில் விரித்தாள். "எடுத்து வை. முதுகுல கட்டிக்கிறேன். ஆறு பிள்ளைங்களக் கட்டின முதுகு."

"அம்மா, வேணாம்!" அவன் அலறிய அலறலில் நாய்கள் குரைத்தன. "ஒடம்போட ஒட்டக் கூடாது. கம்பு வேணும். நீளமா. முன்னாடி ஒருத்தர், பின்னாடி ஒருத்தர். அடிக்கடி ஆள் மாத்தணும். மத்தவங்க யாரும் இருபதடிக்குள்ள வரக் கூடாது. கர்ப்பிணிங்க, குழந்தைங்க அந்த மேட்டுக்கு அப்பால."

யூகலிப்டஸ் கம்பு ஒன்று வந்தது. பெட்டியைக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். ஒவிதியோ கதிரை அளக்கும் தன் கருவியைப் பெட்டியருகே காட்டி, எண்ணைப் படித்து, தலையை ஆட்டினான். செவெரோ முன்னால் வந்து கம்புக்குக் குனிந்தான்.

குமெர்சிந்தோ அவன் தோளைத் தொட்டு விலக்கினார்.

"என் பள்ளம். எங்க கால் வைக்கணும்னு எனக்குத்தான் தெரியும்."

*

பள்ளம் வந்தது. குமெர்சிந்தோ பின்னோக்கி இறங்கினார். குதிகாலால் தடவித் தடவிப் படி தேடினார். பெட்டி ஆடியது. ஒவிதியோ ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வாய்க்குள் ஏதோ முனகினான். ஏறும்போது மண் சரிந்தது. அவர் ஒரு முழங்காலை ஊன்றிக் கம்பைத் தோளில் தாங்கிக்கொண்டார். கீழே இருந்தவன் தள்ளினான். பெட்டி மேலே வந்தது.

ஒரு கூச்சல் எழுந்தது. பந்து விளையாட்டில் கோல் விழுந்தால் வரும் கூச்சல்.

பிறகு பாறைகளுக்கு இடையே நடந்தார்கள். ப்ரிமித்திவா முன்னால். இருபதடி தள்ளிப் பெட்டி. அதற்கு இருபதடி தள்ளிப் பெண்கள். வண்டியை நிறுத்தத் தூக்கிய கற்களை எறிந்துவிட்டு வந்திருந்தார்கள். அவ்வளவு தூரத்தில் ரகசியம் பேச முடியாது. கேட்க வேண்டியதைக் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"அக்கா! உங்களுக்கு முன்னாடி என்ன தெரிஞ்சுது?"

"ஒண்ணும் தெரியல! அப்பப்ப ரத்தம்! மாதவிலக்கு நிக்கிற வயசுன்னு நினைச்சேன்!"

"வினிகர் எரியுமா?"

"கொஞ்சம்!"

"எறும்பு கடிச்ச மாதிரின்னீங்க!"

"பொய் சொன்னேன்! எறும்பவிடக் கம்மி!"

கம்பு சுமந்த ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். காதைப் பொத்திக்கொள்ளக் கை இல்லை.

அடுத்த காவலில் கீன்வா தானியம் பயிரிடும் விவசாயிகள் இருந்தார்கள். கம்பை நீட்டி மறித்தார்கள்.

"என்னது?"

"ஆம்புலன்ஸ்!" என்று பின்னாலிருந்து கூட்டமாகப் பதில் வந்தது.

அவர்கள் பெட்டியைப் பார்த்தார்கள். குமெர்சிந்தோவைப் பார்த்தார்கள். "நோயாளி எங்க?"

"முன்னாடி நடந்து வர்றாங்க பாரு," என்றார் குமெர்சிந்தோ. "கண்ணு இல்லையா?"

கம்பு விலகியது. அங்கிருந்தும் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அதற்கடுத்த காவலில் யாரும் எதையும் கேட்கவில்லை. செய்தி முன்னாலேயே போயிருந்தது. சாலையின் இரு பக்கமும் விலகி நின்று தொப்பியைக் கழற்றினார்கள். யாரோ ஒருவன் பட்டாசு கொளுத்தினான். ஒவிதியோ அவனைத் துரத்திக்கொண்டு ஓடினான்.

மறியலின் மறுமுனையில் ஆஸ்பத்திரி ஜீப் நின்றது. பெட்டியை ஏற்றினார்கள். ஒவிதியோ பூட்டைப் பார்த்தான், கருவியைப் பார்த்தான், முதல்முறையாகச் சிரித்தான். குமெர்சிந்தோவின் தோளில் சட்டை கிழிந்து ரத்தம் கசிந்திருந்தது. அவர் ஜீப்பின் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"ஏறுங்க தோழர். விதி. உள்ள நோயாளி இருக்கணும்."

அவள் ஏறினாள். மாற்றுத் துணி எடுத்துவரவில்லை. எர்லிந்தா தன் வண்ணத் துணியை ஜன்னல் வழியாக எறிந்தாள். அதில் வேகவைத்த கிழங்கு கட்டியிருந்தது. குமெர்சிந்தோ ஜீப்பின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

*

செனோபியா பெஞ்சில் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"ரேடியோவுல கேட்டேன். உங்க ஆளுங்கதான் மறிச்சாங்களாமே?"

"ஆமா. நானும்."

செனோபியா ஒரு வரிசையைப் பின்னி முடித்தாள்.

"அடுத்த தடவை மறிக்கிறதுக்கு முன்னாடி ஒரு போன் போடு."

இயந்திரத்தில் கதிர்மூலத்தைப் பொருத்திச் சரிபார்த்தார்கள். வயதில் மூத்தவள் என்று செனோபியாவை முதலில் கூப்பிட்டார்கள். பிறகு ப்ரிமித்திவா. கால்களை உயர்த்திக் கட்டினார்கள். ஊசி போட்டார்கள். குளிர்ந்த குழாய்களை உள்ளே வைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு எல்லோரும் வெளியே போனார்கள். கனத்த கதவு மூடியது.

இயந்திரம் மெல்ல இரைந்தது. கம்பியின் நுனியில் அந்த அரிசி குழாய் வழியே உள்ளே போனது. அவள் எதையும் உணரவில்லை. கூரையில் ஒரு நீர்க்கறை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஒரு பானைக் கிழங்கு வேகும் நேரம்கூட ஆகவில்லை. கதவு திறந்தது.

அடுத்தடுத்த நாட்களில் இன்னும் சில முறை. ஐந்து பேருக்கும் எட்டு வாரத்துக்குள் முடிந்தது. டீச்சர் கடைசி நாளில் சிரித்தாள்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் இல்டா சோதித்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார்.

"எதுவும் இல்ல."

"எதுவும் இல்லன்னா?"

"இல்லன்னா இல்ல. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து இதையே கேட்டுட்டுப் போகணும். சில வருஷத்துக்கு. சலிக்காம வருவீங்களா?"

"மந்திரிக்காக ஆறு வருஷம் காத்திருக்கேன் டாக்டர்."

வெளியே வந்து சந்தைக்குப் போனாள். ஒரு தட்டுச் சோறு, மேலே தட்டிப் பொரித்த இறைச்சி, அதன்மேல் முட்டை. மிளகாய்த் துவையலை வழித்து ஊற்றிக்கொண்டாள். தட்டைக் காலி செய்தாள். இன்னொரு தட்டு கேட்டாள்.

கடைக்காரி பார்த்தாள். "யாராவது வராங்களா?"

"இல்ல. நான்தான்."

*

மந்திரி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அணை வரவில்லை. அந்த வருடக் கடைசியில் மறுபடி மறியல்.

இந்த முறை அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கூடாரம் நின்றது. எமில்தா, ஒரு பெட்டி வினிகர், பேட்டரியில் ஓடும் அந்த டார்ச் கருவி இரண்டு. ப்ரிமித்திவா போன் போட்டு வரவழைத்திருந்தாள். அறுநூறு பெண்கள் ஒரே இடத்தில், வேலை இல்லாமல், வீட்டுக்கும் போக முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். எமில்தா வரிசையை முனையிலிருந்து முனைவரை பார்த்தாள்.

"இத்தனை வருஷமா வீடு வீடாப் போனேனே," என்றாள்.

கூடாரத்துக்கு முப்பதடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு குமெர்சிந்தோ காவல் நின்றார். எந்த ஆணும் அவரைத் தாண்டக் கூடாது. அவர் மனைவி வரிசையில் நின்று அவரை ஏவிக்கொண்டிருந்தாள்.

பள்ளம் தோண்டியாகிவிட்டது. போன முறையைவிட ஆழம். ஆனால் ஓரமாக ஒரு பாதை விடப்பட்டிருந்தது. கம்பில் பெட்டியைத் தொங்கவிட்டு இரண்டு பேர் நடந்து போகும் அகலம். படிகளில் தட்டைக் கல் பதித்திருந்தது.

கூடாரத்துக்குள் முதலில் யார் போவது என்று பெண்கள் ஒருவரையொருவர் தள்ளினார்கள். எர்லிந்தா தொப்பியைச் செவெரோவிடம் எறிந்துவிட்டு உள்ளே போனாள். சிறிது நேரத்தில் வெளியே வந்தாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"எறும்புன்னு சொன்னவ எங்க?" என்றாள்.

ப்ரிமித்திவா அடுப்பருகே கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை உயர்த்திக் காட்டினாள்.

"எறும்பு இதவிட மோசம்டி," என்றாள் எர்லிந்தா. "அடுத்தவ போ."

வரிசை நகர்ந்தது.